விழாவில் யாருக்கு என்ன முறை?

அன்புள்ள ஐயா,

காரைக்கால் மாங்கனித் திருவிழா பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரைச் சேர்ந்தவன் நான். பொங்கலை ஒட்டி மூன்று நாள் கடற்கரை விழா நடத்தப் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். மேடை, ஒலி, ஒளி, பாட்டுக்குழு, சிறப்பு விருந்தினர் என்று பட்டியல் தயார். ஆனால் அதைப் பார்க்கும்போது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒன்றாகவே தோன்றுகிறது. ஊரோடு ஒட்டிய விழாவைத் திட்டமிட்டு உருவாக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் ஊர்க்காரர்களுக்கு என்ன வேலை? கடிதத்தை இரண்டு தடவை படித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அவர்கள் வந்து உட்கார வேண்டும், கைதட்ட வேண்டும், அவ்வளவுதான் போலிருக்கிறது.

காரைக்காலைப் பாருங்கள். காரைக்கால் அம்மையாரின் கதைதான் அங்கே விழா. ஆனி மாதத்தில் முதலில் அவர் கணவர் பரமதத்தருக்கு மாப்பிள்ளை அழைப்பு. அடுத்து புனிதவதிக்கு, அதுதான் அம்மையாரின் இயற்பெயர், திருக்கல்யாணம். பௌர்ணமியன்று பவழக்கால் சப்பரத்தில், பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிச்சாண்டவர் வீதியுலா. சப்பரம் கடக்கும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்கிறார்கள். வேண்டுதல் வைத்தவர் பழம் வாங்கி வருகிறார். பிள்ளை வரம் கேட்பவர் கீழே நின்று ஏந்துகிறார். மாலையில் அம்மையார் பிச்சாண்டவரை எதிர்கொண்டு அமுது படைக்கிறார். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்கு இட்டவளின் கதையை ஊரே தன் கையால் மறுபடி செய்துபார்க்கிறது. அந்த வீதியில் வேடிக்கை பார்ப்பவர் என்று தனியாக யாருமில்லை.

பக்கத்திலேயே இன்னொன்று. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருகிறார். மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்றுதான் வரவேற்கிறார்கள். பெருமாள் மணந்த பத்மினி நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. பல்லக்கைத் தாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகும் தோளுக்கு அது வீட்டுக் கல்யாணம்.

நம் மொழியில் 'முறை' என்றொரு சொல் இருக்கிறது. உறவு, உரிமை, கடமை, நம் பங்கு வரும் நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். மாமன் முறை என்றால் சீர் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் கல்யாண வீட்டில் கேள்வி வரும். உங்கள் விழாவை நிகழ்ச்சிகளால் தொடங்காமல் முறைகளால் தொடங்குங்கள். எந்தத் தெரு எதைக் கொண்டுவரும்? கொடிமரத்துக்குக் கழி யார் வீட்டிலிருந்து? முதல்நாள் சோறு யார் வடிப்பது? மீனவப் பஞ்சாயத்தாரைக் கடைசியில் அழைப்பிதழோடு பார்க்கப் போகாதீர்கள். முதல் கூட்டமே அவர்கள் இடத்தில் நடக்கட்டும். தேதியையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். கடலுக்குப் போகும் நாளும் போகாத நாளும் அவர்களுக்குத்தான் தெரியும். பொங்கலைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். வருமானம் குறைந்த காலம் அது. ஆகவே வசூல் கேட்கக் கூடாது, கூலி கொடுத்து வேலை தர வேண்டும். பந்தல், படகு அலங்காரம், சமையல் எல்லாவற்றுக்கும் வெளியூர் ஒப்பந்தக்காரரைத் தேடுவானேன்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊரின் விழாக்குழு என்னையும் ஆலோசனைக்கு அழைத்தது. மேடைக்கு நல்ல அகலமான இடம் கிடைத்துவிட்டது என்றார்கள். அது பெண்கள் கருவாடு காயவைக்கும் களம். மூன்று நாள் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. நான்காம் நாள் மணலில் ஆணியும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆலோசனையில் 'களம் யாருடையது?' என்று நான் கேட்கவே இல்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

மற்றவை நீங்களே யோசித்திருப்பீர்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன். கடல்காற்றில் பெரிய பேனர் படகுப் பாய்போல விரிந்து கம்பத்தையே சாய்த்துவிடும், ஆகவே வேண்டவே வேண்டாம். அடுத்தது வழி. பல ஊர்களில் கடற்கரைக்குப் போக ஒரே சாலைதான். கடைகளை அதன் இருபுறமும் போட்டுவிட்டால் ஆம்புலன்ஸ் நுழையாது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரை உங்களுடையது. கூட்டம் ஒரே நேரத்தில் மேட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தால் எந்தெந்தச் சந்து வழியாகப் போகும் என்பதை நடந்து பார்த்துவிட்டு, அவற்றில் ஒரு தள்ளுவண்டிகூட நிற்காமல் காவலுக்கு ஆள் போடுங்கள். இருட்டியபின் யாரும் அலையில் இறங்காமல் பார்த்துக்கொள்ள, நீந்தத் தெரிந்த மீனவ இளைஞர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. அதையும் ஒரு முறையாகவே அவர்களுக்குக் கொடுங்கள். மேடையில் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் பன்னிரண்டு பேரில் பெண்கள் எத்தனை பேர், மீன் விற்பவர்கள் யாராவது உண்டா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. உங்கள் ஊரில் கருவாடு காயவைக்கும் பெண்களைச் சந்தித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். முதல் கூட்டத்துக்கு என்னை அழைத்தால் வருகிறேன்.