‘ஃபசீஷஸ்’ என்றால் குசும்பா?

வணக்கம். சரக்கு எப்போது கிளம்பும் என்று கேட்ட லண்டன் வாடிக்கையாளருக்கு, "அடுத்த தீபாவளிக்குள் வந்துவிடும்" என்று திருப்பூரிலிருந்து நீங்கள் விளையாட்டாக எழுத, அவர் உங்கள் பதிலை ஆங்கிலத்தில் ‘ஃபசீஷஸ்’ (facetious) என்று குறிப்பிட்டதைப் பாராட்டாகக் கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாராட்டு அன்று, மெல்லிய கண்டிப்பு.

கருத்தாகப் பேச வேண்டிய இடத்தில், நேரம் பார்க்காமல் செய்யும் வேடிக்கைப் பேச்சையே இன்று அச்சொல் குறிக்கிறது. ஆனால் அதன் பிறப்பு கௌரவமானது. இலத்தீனில் ‘ஃபகேட்டுஸ்’ என்றால் நயமும் நகைச்சுவையும் உடையவர் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘ஃபகேட்டியா’ என்னும் சொல், நயமான நகைச்சுவையைக் குறித்தது. அது பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பண்பட்ட நகைச்சுவை என்ற பொருளே முன்னின்றது. பிற்பாடுதான் இடமறியாத கேலி என்ற குறை அதில் ஏறியது. (ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் அகரவரிசைப்படியே அமைந்த அரிய சொல் இது.)

நம் கோயமுத்தூர்க் குசும்பு இதற்கு ஈடாகுமா என்றால், பாதிதான் ஆகும் என்பேன். முகத்தில் சிரிப்பே காட்டாமல், ‘ங்க’ போட்டு மரியாதையாகவே காலை வாரும் குசும்பை நாம் ரசிக்கிறோம்; ‘ஃபசீஷஸ்’ என்பதில் அந்த ரசிப்பு இல்லை, சலிப்பே உண்டு. ‘பொறுப்பில்லாத விளையாட்டுப் பேச்சு’ என்பதே நெருக்கமான தமிழ். அவருக்கு விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். சரக்கு கிளம்பும் தேதியை மட்டும் இன்றே அனுப்பிவிடுங்கள்.