ஓவன் இல்லாத வீட்டில் கேழ்வரகு பிரவுனி: இட்லிக் குண்டான் போதும்

கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் ஓவன் இல்லை, பிள்ளைகள் பிரவுனி கேட்கிறார்கள், மைதாவுக்குப் பதிலாகச் சிறுதானிய மாவில் செய்ய முடியுமா? செய்தால் சர்க்கரை நோய் உள்ள மாமியாருக்கும் ஒரு துண்டு தரலாமா?

முதல் கேள்விக்கு, தாராளமாக முடியும். நான் இருப்பது கும்பகோணத்தில். எங்கள் வீட்டிலும் ஓவன் கிடையாது, இட்லிக் குண்டானில்தான் செய்கிறேன். மாமியார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதில் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் கிடைக்காது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எந்த மாவு என்றால், யோசிக்காமல் கேழ்வரகு. பிரெட்டையும் கேக்கையும் தூக்கி நிறுத்துவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம். சிறுதானியம் எதிலும் அது இல்லை. அதனால்தான் கேழ்வரகு பிரெட் என்று ஆசையாக ஆரம்பிப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பிரவுனி அப்படி உப்பி நிற்க வேண்டிய பண்டமே இல்லை. சாக்லேட், கொழுப்பு, இனிப்பு மூன்றும் சேர்ந்து அடர்த்தியாக உட்கார்ந்தால் போதும், மாவு அதில் துணைக்குத்தான் வருகிறது. கேழ்வரகின் நிறமும் லேசான மண் வாசனையும் கோகோவோடு ஒன்றிப் போய்விடும். வாயில் வைக்கும் பிள்ளைக்கு என்ன மாவு என்று தெரியாது, நீங்களாகச் சொன்னால் தவிர.

கம்பு வேண்டாம். அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்த சில நாட்களிலேயே மாவு காறிக் கசக்க ஆரம்பிக்கும். தினை, சாமை, வரகு, குதிரைவாலி மாவுகளை எவ்வளவு சலித்தாலும் பல்லில் நறநறவென்று நிற்கும். வெள்ளைச் சோளம் பரவாயில்லை, கேழ்வரகோடு பாதிக்குப் பாதி கலக்கலாம்.

நம் பக்கம் குறுவை, சம்பா, தாளடி என்று பேச்செல்லாம் நெல்லைப் பற்றித்தான். வரகு என்றால் கோபுரக் கலசத்துக்குள் போடுவது என்பதுதான் பலருக்கும் தெரிந்த சேதி. கேழ்வரகு அதிகம் விளைவது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கடைகளில் பாக்கெட்டுகள் பெருகிவிட்டன, விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. ‘பல தானிய மாவு’ என்று போட்டிருந்தால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள், சிலவற்றில் முதல் பொருளே கோதுமையாக இருக்கும். முழுத் தானியம் வாங்கி, களைந்து, கல் அரித்து, நன்றாக உலர்த்தி மாவு மில்லில் கொடுப்பதுதான் என் பழக்கம். கொடுக்கும்போது இதற்கு முன்னால் எந்திரத்தில் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். மிளகாய் என்றால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவது நல்லது.

முளைகட்டிய கேழ்வரகு மாவு இன்னும் சத்து என்று சொல்லி முழுவதும் அதையே போடாதீர்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும். கஞ்சிக்கு அது நல்லது, பிரவுனியில் நடுப்பகுதி வேகாததுபோல் பிசுபிசுத்துக் கிடக்கும். நாலில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்.

இனி மிக முக்கியமான சங்கதி. மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு கேழ்வரகைப் போட்டு, கலந்த உடனே அடுப்பில் ஏற்றினால் புட்டு மாதிரி உதிரும். கேழ்வரகுக்கு ஈரமும் வேண்டும், அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ள நேரமும் வேண்டும். களிக்கு முதல் நாளே மாவைக் கரைத்து வைக்கிற வீடுகள் இருக்கின்றனவே, இதுவும் அதற்கு ஒரு காரணம். பிரவுனிக் கலவையை அரை மணி நேரம் மூடி வைத்தால் போதும். ஊறும் முன் வாயில் வைத்துப் பார்த்தால் மணல்போல் இருக்கும் கலவை, ஊறிய பிறகு வழுவழுவென்று ஆகியிருக்கும். இந்த அரை மணியைத் தவிர்த்துவிட்டு வேறு எதை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

அளவு சொல்கிறேன். கேழ்வரகு மாவு 100 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், டார்க் சாக்லேட் 100 கிராம், வெண்ணெய் 80 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், முட்டை 2, பால் 4 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. ஏழு அங்குலப் பாத்திரத்துக்கு இது சரியாக இருக்கும், 16 சிறு துண்டுகள் வரும்.

கோகோ பவுடர் என்பது இனிப்பில்லாதது. பாலில் கலக்கிக் குடிக்கும் சாக்லேட் பவுடரில் பெரும்பகுதி சர்க்கரைதான், அது ஆகாது. சாக்லேட் கட்டியிலும் ‘காம்பவுண்ட்’ என்று எழுதியிருந்தால், கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது என்று அர்த்தம். சத்தாகச் செய்ய வேண்டும் என்றுதானே மைதாவை விட்டோம், அப்புறம் இதில் வந்து விழுவானேன்? நாட்டுச் சர்க்கரையைக் கட்டாயம் சலியுங்கள், தூசும் மணலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டி தட்டியும் கிடக்கும். அச்சு வெல்லம்தான் இருக்கிறது என்றால் துருவிக்கொள்ளுங்கள். பாகு காய்ச்சி உருகிய சாக்லேட்டில் ஊற்ற வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் பட்டாலே சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

மாவைச் சலித்து, வெறும் வாணலியில் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை வறுத்து ஆறவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டையும் வெண்ணெயையும் சேர்த்து உருக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையையும் நாட்டுச் சர்க்கரையையும் சர்க்கரை கரையும்வரை அடித்து அதில் சாக்லேட்டை ஊற்றிக் கலக்குங்கள். பிறகு பால், கோகோ, மாவு, உப்பு. மூடி வைத்த அரை மணி கழிந்ததும் பேக்கிங் பவுடரைத் தூவிக் கிளறினால் வேலை முடிந்தது. குளூட்டன் இல்லாததால் எவ்வளவு கிளறினாலும் இறுகிவிடும் என்ற பயம் கிடையாது.

பாத்திரத்துக்கு எவர்சில்வர் சம்புடம் போதும். ஆவியில் வேகவைப்பதாக இருந்தால் பட்டர் பேப்பர் தேடி அலையாதீர்கள். வாழை இலையைத் தணலில் வாட்டி நெய் தடவி விரித்தால் ஒட்டாமல் வரும், அடியில் லேசான இலை வாசனையும் ஏறும். எனக்கு அந்த வாசனைக்காகவே கடையில் வாங்கும் பிரவுனியைவிட இது பிடிக்கிறது. இது என் ருசி, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை.

குண்டானில் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகுதான் சம்புடத்தை உள்ளே வைக்க வேண்டும். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆவி நீர் சொட்டி மேல்பக்கம் குழிகுழியாகும். மிதமான தீயில் 25 முதல் 30 நிமிடம். குச்சியால் குத்திப் பார்த்தால் ஈரமான துகள் ஒட்டலாம், கலவை வழியக் கூடாது.

ஆவியில் செய்வதில் ஒரே குறை, கடைப் பிரவுனியில் மேலே மெல்லிய ஏடுபோல் வெடித்து நிற்குமே, அது வராது. அதற்கு வெள்ளைச் சர்க்கரையும் வறண்ட சூடும் வேண்டும். ஓரம் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருந்தால் போதும் என்பவர்கள் அடிகனமான பழைய இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு இரும்பு வளையத்தை வைத்து, மூடி, பத்து நிமிடம் காயவிட்டுச் செய்யலாம். மணலும் போடலாம், ஆனால் காவிரிக் கரையில் இருந்துகொண்டு இன்றைக்கு ஒரு சட்டி மணல் தேடுவது தனிக் கதை. சம்புடத்தை வைத்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள், 35 முதல் 45 நிமிடம் ஆகும். இந்த முறையில் வாழை இலை கருகும், பேப்பர்தான் சரி. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் செய்பவர்களும் உண்டு. தண்ணீர் இல்லாமல் இவ்வளவு நேரம் காய்ந்தால் குக்கர் பாழாகும், தினமும் சோறு வைக்கிற குக்கரை இதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

வெந்ததும் வெட்டக் கூடாது. முழுதாக ஆற வேண்டும், முடிந்தால் ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். சூட்டில் வெட்டினால் கேழ்வரகு நொறுங்கிவிடும், ஆறிய பிறகு கத்தி சுத்தமாக இறங்கும். வெளியே இரண்டு நாள் தாங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அதுவும் தாங்காது.

முட்டை சேர்க்காதவர்களுக்கு: கெட்டித் தயிர் அரை கப், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்த கூழ், பேக்கிங் பவுடரோடு ஒரு சிட்டிகை சமையல் சோடா. பாலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கனிந்த பூவன் பழம் ஒன்றை மசித்துப் போட்டாலும் நன்றாகப் பிடிக்கும், வாழைப்பழ வாசனை தூக்கலாக இருக்கும் என்பதுதான் சிக்கல்.

இப்போது ஆரோக்கியம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம், நார்ச்சத்து சுமார் 11 கிராம். மைதாவில் கால்சியம் சுமார் 20 மில்லிகிராம், நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்த 100 கிராம் மாவு 16 துண்டுகளுக்குப் பிரிகிறது. ஒரு துண்டில் மாவிலிருந்து வரும் கால்சியம் 23 மில்லிகிராம்தான், அரை டம்ளர் பாலில் இதைப்போல் பல மடங்கு இருக்கிறது. அதே துண்டில் சாக்லேட்டில் உள்ளதையும் சேர்த்தால் சுமார் 10 கிராம் இனிப்பு, மொத்தம் 130 கலோரி அளவுக்கு வரும். மைதா பிரவுனியைவிட நார்ச்சத்து கூடுதல், ஒரு துண்டிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கேழ்வரகு போட்டிருக்கிறதே என்று நாலு துண்டு தின்றால் மைதாவிலேயே ஒரு துண்டு தின்றிருக்கலாம்.

மாமியாருக்கு வருவோம். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. பொடியாக அரைத்த கேழ்வரகும் மாவுச்சத்துதான். ஆகவே ‘சிறுதானியம், வெல்லம், பயமில்லாமல் சாப்பிடுங்கள் அத்தை’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். டாக்டர் இனிப்புக்கு எப்போதாவது இடம் கொடுத்திருக்கிறார் என்றால், அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு பாதித் துண்டு தரலாம். இல்லையென்றால் அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு ஒரு அடை தட்டிக் கொடுங்கள். அதற்கும் கணக்கு உண்டு, ஆனால் இனிப்பு இல்லை.