காய்ந்த விதைக்கு உயிர் உண்டா?

உண்டு. "அசையவில்லை, வளரவில்லை, அப்புறம் எப்படி உயிருள்ளது?" என்று கேட்டிருக்கிறீர்கள், அசைவையும் வளர்ச்சியையும் மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது என்று நினைக்கிறேன். உப்புப் படிகமும்தான் வளர்கிறது, ஆனால் அது வெளியிலிருந்து அடுக்கடுக்காகச் சேர்வது, உள்ளே செல்களே கிடையாது. விதைக்குள் முளைக்கரு உறங்குகிறது, அவ்வளவுதான். இஸ்ரேலில் உள்ள மசாடா என்ற பழங்காலக் கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டு பழமையான பேரீச்சை விதையே 2005இல் நட்டபோது முளைத்தது!

சந்தேகமாக இருந்தால், அவரை விதைகள் கொஞ்சத்தை அப்படியேயும் கொஞ்சத்தை வேகவைத்தும் தனித்தனி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சில நாளில் முதல் துணியில் தோல் கிழிந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும், மற்றது ஊறி நாறும்.

ஆனால் முளைக்காததெல்லாம் செத்தது என்று எழுதிவிடாதீர்கள், தடித்த தோல் தண்ணீரை உள்ளே விடாமலும் இருக்கலாம்.