வைஃபை மொபைலில் வேகமாக வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இழுக்கிறது. புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். கடையில் யார் என்ன சொன்னாலும் இரண்டு நாள் பொறுங்கள். இதே பிரச்சினையோடு மூன்று மாதம் அல்லாடியவள் நான். கேள்வியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்களும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்றே நினைக்கிறேன். எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். சில கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துத் தாக்கல் செய்கிறேன். மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (வரிக் கணக்கு). அதற்கு முந்தைய இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கம் கிடையாது. வீட்டில் 100 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) பிளான். ஒரே மேசையில் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90 காட்டும். லேப்டாப்பில் 3, மிஞ்சினால் 4. சிக்னல் கோடு மட்டும் முழுசாக நிற்கும்.

நெட் கம்பெனியிலிருந்து வந்த தம்பி ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, "சார் இருக்காங்களா மேடம்? அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றார். என் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை. வைஃபை பாஸ்வேர்டே அவர் என்னிடம்தான் கேட்பார். பில் என் பெயரில், லேப்டாப் என்னுடையது, புகார் கொடுத்தது நான். பிறகு எதற்கு சார்? சர்வீஸ் கடையிலும் இதே கதைதான். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் போட்டார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவரை மறுபடி ஏற்றவே எனக்கு ஒரு நாள் போனது. வேகம் அதே 3. "வைஃபை கார்டு போச்சு மேடம், புதுசு வாங்கிடுங்க, சாரை ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். எல்லாக் கடைக்காரரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிறவளிடம் இப்படிப் பேசுவது வலிக்கிறது, அதையும் இங்கே சொல்லத்தான் செய்வேன்.

கடைசியில் காரணம் தற்செயலாகத்தான் பிடிபட்டது. டேட்டா போனால் என் பிழைப்பு போச்சு என்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை எப்போதும் லேப்டாப்பில் செருகியே வைத்திருப்பேன். ஒரு நாள் சாயங்காலம் என் மகள் ஸ்கூல் வேலைக்காக அதைக் கழற்றிக்கொண்டு போனாள். அரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்த பக்கம் சட்டென்று திறந்தது. டெஸ்ட் போட்டேன்: 37. டிஸ்க்கை வாங்கி மறுபடி செருகினேன்: 3. நம்பாமல் ஆறு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆறு தடவையும் அப்படியே.

விஷயம் இதுதான். யுஎஸ்பி 3.0 போர்ட்டில் (பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும்) டேட்டா ஓடும்போது அதன் வயரிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் ஒரு ரேடியோ இரைச்சல் கிளம்பும். அது வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழுகிறது. இன்டெல் கம்பெனி 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. லேப்டாப்பின் ஆன்டெனா போர்ட்டுக்குக் கிட்டத்தில்தான் இருக்கும். கல்யாண மண்டபத்தில் மேளம் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காதே, அந்த நிலைமைதான் அதற்கு. சிக்னல் கோடு ரவுட்டரின் பலத்தைத்தான் காட்டும், நடுவிலுள்ள இரைச்சலைக் காட்டாது. அதனால்தான் கோடு முழுசாக இருந்தும் நெட் நகரவில்லை.

நான் இஞ்சினியர் இல்லை, பி.காம். உங்களுக்கும் இதேதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டிஸ்க்கோ பென் டிரைவோ செருகியிருந்தால் முதலில் கழற்றிப் பாருங்கள், காசு செலவில்லை. டிஸ்க் வேண்டும் என்றால் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் போடுங்கள். காப்பி ஆக நேரம் பிடிக்கும், ஆனால் நெட்டைக் கெடுக்காது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

37 வந்தும் ஏன் 90 வரவில்லை? விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் நெட்வொர்க் பேண்ட் (எந்த அலைவரிசை), லிங்க் ஸ்பீடு (ரவுட்டரோடு இணைந்த வேகம்) இரண்டும் இருக்கும். என்னுடையதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ். 72 என்று போட்டிருந்தாலும் கைக்கு வருவது பாதிதான். போன் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசையில் ஓடியது, என் லேப்டாப் கார்டுக்கு அது பிடிபடாது. உங்கள் ரவுட்டரில் 5ஜி என்று முடியும் இன்னொரு பெயர் தெரிகிறதா பாருங்கள் (சிம் கார்டு 5ஜி வேறு, இது வேறு). லேப்டாப்பிலும் அந்தப் பெயர் தெரிந்தால் அதில் சேருங்கள், அங்கே இந்த இரைச்சல் தொல்லை இல்லை. தெரியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும். அதற்காக லேப்டாப்பையே மாற்ற வேண்டியதில்லை.

நான் அடாப்டர்கூட வாங்கவில்லை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக லேன் கேபிள் இழுத்துவிட்டேன். முதலில் பரணில் கிடந்த பழைய கேபிளைப் போட்டபோது நெட் வந்து வந்து போனது. எடுத்துப் பார்த்தால் ஜாக்கின் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. எங்கள் ஊர்க் கடல் காற்று செப்பை விட்டுவைக்காது. முனையை வெட்டிப் புது ஜாக் அடித்த பிறகு 94 வருகிறது. போன 20-ம் தேதிக்கான 3பி எல்லாவற்றையும் ராத்திரி ஒன்பதரைக்கே முடித்துவிட்டேன்.