அரை இஞ்சி பைப்பும் 12.7உம்

அன்புள்ள அண்ணா,

கொழும்பில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடை ஒன்றுக்கு, வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்தோம். பொருள் தேட, இருப்புப் பார்க்க என்று அதற்கு நாலு டூல் (ஏஜென்ட் தேவைப்படும்போது கூப்பிடும் சின்ன நிரல்) உண்டு. கோடில் பிழை இல்லை; நாங்கள் கையால் ஓட்டினால் சரியாக வருகிறது. ஆனால் ஏஜென்ட், கடையில் குவிந்து கிடக்கும் அரை இஞ்சி பைப்பையே 'இல்லை' என்கிறது. 'ஊகிக்காதே' என்று சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் (ஏஜென்டுக்கு நாங்கள் முன்கூட்டியே கொடுக்கும் அறிவுறுத்தலில்) மூன்று தரம் எழுதிவிட்டோம். ஏஜென்டின் பின்னால் இருக்கும் ஏஐ மொடலை மாற்றத்தான் வேண்டுமா? டூல் விவரணையைத் தமிழில் எழுதினால் உதவுமா? லொக்கை (ஏஜென்ட் என்னென்ன செய்தது என்ற பதிவை) இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

மொடல் அப்படியே இருக்கட்டும். லொக்கில் ஒரு வரியைப் பாருங்கள். வாடிக்கையாளர் "அரை இஞ்சி எஸ்லோன் பைப் இருக்கா?" என்று கேட்கிறார். ஏஜென்ட் இருப்பு டூலைக் கூப்பிட்டு, 'அளவு' என்ற இடத்தில் 12.7 என்று கொடுத்திருக்கிறது. ஒரு இஞ்சிக்கு 25.4 மில்லிமீட்டர், அதில் பாதி 12.7. கணக்கு அச்சொட்டாகச் சரி. ஆனால் கடைப் பட்டியலில் அந்தப் பைப் 20 மிமீ என்றல்லவா இருக்கிறது? அரை இஞ்சி என்பது பைப்புக்குப் பழக்கத்தில் வந்த பேர். 20 என்பது வெளிவிட்டம். கடைப் பொடியன்களுக்கு இது தூக்கத்திலும் தெரியும். உங்களுக்கும் முதலாளி சொல்லியிருப்பார். டூலுக்கு எழுதிய விவரணையில் மட்டும் இல்லை. அங்கே இருப்பது ஒரே வரி: "பொருளின் இருப்பைத் தரும்."

மொடலுக்கு உங்கள் கோட் தெரியாது. டூலின் பேர், விவரணை, என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கையில். எதைக் கூப்பிடுவது, என்ன மதிப்பைக் கொடுப்பது என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பினேன். ஒரு கட்டத்தில் வெறுமனே "இலக்கம்" என்று இருந்தது. அடையாள அட்டை இலக்கத்தை எழுதினேன். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று யன்னலடிக்குப் போனால், அவர்கள் கேட்டது கோவை (ஃபைல்) இலக்கமாம். திரும்பவும் வரிசையின் கடைசிக்கு. அந்தப் படிவத்தை எழுதியவருக்கு அது கோவை இலக்கம் என்பதில் சந்தேகமே வந்திராது. அதனால்தான் எழுதாமல் விட்டார். உங்கள் 'அளவு'ம் அப்படி வந்ததுதான்.

இருப்பு டூலின் விவரணையை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பொருட்குறியீட்டுக்குரிய தற்போதைய இருப்பைத் தரும். குறியீடு தெரியாவிட்டால் இதைக் கூப்பிட வேண்டாம்; முதலில் பொருள் தேடும் டூலில் குறியீட்டை எடுக்கவும். வெற்றுப் பட்டியல் வந்தால் குறியீடு பிழை என்று பொருள், பொருள் தீர்ந்துவிட்டது என்றல்ல. இருப்பு 0 என்று வந்தால் மட்டுமே 'இல்லை' என்று சொல்லவும்."

மூன்றாவது வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் லொக்கில் பொய்யான 'இல்லை' எல்லாம் வெற்றுப் பட்டியலில் இருந்துதான், அதாவது கொடுத்த மதிப்புக்கு எதுவும் பொருந்தாமல் டூல் திருப்பிய பதிலில் இருந்துதான் வந்திருக்கிறது. டூல் திருப்பி அனுப்பும் செய்தியிலும் "இந்தக் குறியீடு பட்டியலில் இல்லை, தேடிப் பார்க்கவும்" என்று போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

தேடும் டூலின் விவரணையில் கடைப் பேச்சையும் சேர்க்க வேண்டும். கொழும்பில் எந்தக் கம்பனியின் பிவிசி பைப்பையும் எஸ்லோன் பைப் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த பிராண்டை மட்டும் தேடக் கூடாது என்று எழுதுங்கள். அளவு உள்ளீட்டில், "பட்டியலில் உள்ள மிமீ அளவு, இஞ்சியைக் கணக்குப் போட்டு மாற்ற வேண்டாம், அரை இஞ்சி பைப் என்றால் 20" என்று. மற்றச் சைஸ்களைக் கடையில் கேட்டு எழுதுங்கள். ஒரு பின்னேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றால் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

அதற்காகக் கடையின் முழு விலைப்பட்டியலையும் விவரணைக்குள் கொட்ட வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் அது மொடலிடம் போகும், டோக்கன் (மொடல் உரையை வெட்டிப் படிக்கும் துண்டு; அதை எண்ணித்தான் கட்டணம்) காசு கூடும். ஆனால் சுருக்கமாக எழுதுவதுதான் அழகு என்று ஒரு வரியில் நிறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. கிளாட் மொடல்களைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் ஆவணத்தில் ஒரு டூலுக்கு 3, 4 வாக்கியமாவது எழுதச் சொல்கிறது.

தமிழில் எழுதலாமா என்றால், எழுதலாம். டூலின் பேர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தமிழுக்கு டோக்கன் கூடுதலாகப் போகும் என்பதால் நானென்றால் விவரணையை ஆங்கிலத்தில் எழுதி, வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்களை மட்டும் தமிழில் வைப்பேன்.

அப்புறம், வாடிக்கையாளர் டூலிலும் வெறும் "இலக்கம்" என்று ஒன்று கண்டேன்! அடையாள அட்டை என்றால் பழையதில் 9 இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும், புதியதில் 12 இலக்கம். எண் வகை என்று வைத்திருக்கிறீர்கள், பழைய அட்டைக்காரரின் எழுத்து எங்கே போகும்? அதைச் சரம் (string, எழுத்தும் எண்ணும் கலந்து ஏற்கும் வகை) என்று மாற்றி, இரண்டு வடிவத்தையும் எழுதிவிடுங்கள். 'ஊகிக்காதே' மூன்றையும் எடுத்துவிட்டு, பழைய லொக்கில் உள்ள அதே கேள்விகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.