பெர்செஃபனி சென்னையில் நிறம் மாறுவதில்லை

புராணப் பெயர்களிலும் நாட்டுக்கதைப் பெயர்களிலும் வரும் நெயில் பாலிஷ்களைப் பற்றி இந்த முறை எட்டு கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஆகவே பருப்பு விலையும் மிக்சி பழுதும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன.

கேள்வி: "குளிருக்கும் சூட்டுக்கும் நிறம் மாறும்" என்று சொன்னதால் 'பெர்செஃபனி' என்ற நெயில் பாலிஷை 900 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினேன். விளம்பரப் படத்தில் நகத்தின் நுனி மாதுளை நிறம், அடிப்பக்கம் வெளிர் ரோஜா நிறம். எனக்கோ காலை முதல் இரவு வரை வெளிர் ரோஜா மட்டுமே. போலிச் சரக்கா? (வாசகி, சென்னை)

ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் எடுத்து விரல்களைச் சில நொடிகள் முக்குங்கள். நகம் மாதுளை நிறத்துக்கு மாறினால் சரக்கில் குற்றமில்லை, குற்றம் சென்னையுடையது.

இந்த வகைப் பாலிஷில் சாயம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளுக்குள் அடைபட்டிருக்கும். குளிர்ந்தால் நிறம் கொள்ளும், சூடேறினால் நிறம் இழந்து அடியில் உள்ள வெளிர் நிறத்தைக் காட்டும். மாறும் எல்லை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபட்டாலும் பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். நகத்தின் அடியில் ரத்தம் ஓடுகிறது, அந்தப் பகுதி எப்போதும் வெதுவெதுப்பு. விரலைத் தாண்டி நீண்டிருக்கும் நுனிதான் சுற்றியுள்ள காற்றின் குளிர்ச்சிக்குப் போகும். படத்தில் பார்த்த இரட்டை நிறத்தின் ரகசியம் அவ்வளவுதான்: நீண்ட நகமும் குளிர்ந்த அறையும். ஒட்ட வெட்டிய நகத்துடன் மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது.

பெயர் வைத்தவர் கதை தெரிந்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிரேக்கக் கதையில் பாதாள அரசன் ஹேடஸ், டிமீட்டரின் மகள் பெர்செஃபனியைக் கவர்ந்து போகிறான். அவள் அங்கே மாதுளை முத்தைத் தின்றுவிட்டதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பாதாளத்தில் கழிக்க வேண்டும், அந்தக் காலத்தில் தாயின் துக்கத்தால் பூமி வறண்டு கிடக்கும் என்கிறது ஒரு பழைய துதிப்பாடல். குளிரில் மாதுளை, வெதுவெதுப்பில் மலர். அழகான யோசனைதான், ஆனால் குளிர்காலம் உள்ள ஊருக்கான யோசனை. சென்னையில் அந்தப் பெண் பாதாளத்துக்கு இறங்குவதே இல்லை.

ஐஸ் தண்ணீரிலும் மாறவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். மாறினால், ஏ.சி. அலுவலகத்தில் வேலை செய்யும் தோழிக்குக் கொடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட சாயம் வெயில் பட்டால் நாளடைவில் மாறும் குணத்தையே இழந்துவிடும். ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த மார்கழிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: 'டிராகன் செதில்' என்று ஒன்று வாங்கினேன். பாட்டிலில் பச்சை, ஊதா, செம்பு என்று ஜாலம் காட்டுகிறது. நகத்தில் மூன்று முறை பூசியும் அழுக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கிறது. (கல்லூரி மாணவி, கோவை)

அடியில் கறுப்பு பூசினீர்களா?

மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம், மடிப்பு திரும்பும்போது நிறமும் திரும்பும். உங்கள் பாலிஷ் அதைச் சாய நூல் இல்லாமல் செய்கிறது. அதில் இருப்பவை பல மெல்லிய அடுக்குகள் கொண்ட நுண் செதில்கள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி மற்றதோடு மோதி, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒரு நிறத்தைத் தூக்கியும் இன்னொன்றை அமுக்கியும் காட்டும். மயிலின் இறகு மினுங்குவதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். செதில்களை ஊடுருவிப் போகும் ஒளி வெளிர் நகத்தில் பட்டுத் திரும்பினால் எல்லாம் கலந்து வெளுத்துப்போகும். அடியில் கறுப்பு இருந்தால் அது அந்த ஒளியை விழுங்கிக்கொள்ளும், செதிலின் நிறம் மட்டும் மேலே நிற்கும். பாட்டிலுக்குள் திரவம் தடிமனாக இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் தெரிவதில்லை.

ஒரு பூச்சு கறுப்பு, நன்றாகக் காய்ந்த பின் இரண்டு மெல்லிய பூச்சு டிராகன். 40 ரூபாய்க் கறுப்பு போதும்.

இந்த வகைச் செதில்களுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த செல்லப்பெயர் ஒன்று உண்டு. கிளாரன்ஸ் நிறுவனத்தின் 230 என்ற எண்ணுள்ள பழைய பாலிஷில் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும் பொடி இருந்தது. அது சந்தையிலிருந்து போன பிறகு மீந்த பாட்டில்களுக்கு ஆளாய்ப் பறந்தார்கள். கிடைத்தற்கரிய அந்தப் பொடிக்கு அவர்கள் வைத்த பெயர், ஒற்றைக்கொம்புக் குதிரையின் மூத்திரம். நிறுவனம் வைத்த பெயர் வெறும் எண், கதையைச் சேர்த்தது வாங்கியவர்கள். ஏலத் தளங்களில் யாராவது இந்தச் செல்லப்பெயரைச் சொல்லிப் பழைய பாட்டில் விற்றால் ஒதுங்கிப் போங்கள். அதே வகைப் பொடி கொண்ட புதிய பாலிஷ்கள் பல வந்துவிட்டன.

கேள்வி: ஆர்தர் மன்னன் கதைப் பெயர்களில் உள்ள இங்கிலாந்துப் பாலிஷ்கள் வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகள் அடுத்த மாதம் வருகிறாள், வாங்கி வரச் சொல்லலாம். ஆனால் விலை நம் ஊர்ப் பாட்டிலைப் போலப் பல மடங்கு. பெயருக்காகவா இவ்வளவு கொடுப்பது? (இல்லத்தரசி, மதுரை)

நீங்கள் சொல்வது ஏ-இங்லண்ட் என்ற சிறு நிறுவனத்தின் சரக்காக இருக்க வேண்டும். ஆர்தர், டிரிஸ்டன், புனித ஜார்ஜ் என்று அந்நாட்டுக் கதைகளையே வரிசையாகப் பாட்டிலில் அடைத்தவர்கள். சிலவற்றுக்குக் கொடுக்கலாம், சிலவற்றுக்குக் கூடாது என்பது என் பதில்.

'செயின்ட் ஜார்ஜ்' என்பது ஆழ்ந்த கரும்பச்சை. அதில் ஹோலோகிராம் பொடி இருக்கிறது. சி.டி. தகட்டின் பின்புறம் போல மிக நுண்ணிய கோடுகள் பதிந்த துகள்கள், வெயிலில் பிடித்தால் வானவில்லைச் சிதறடிப்பவை. 'டிரிஸ்டம்' அதே வேலையைக் கருநீலத்தில் செய்கிறது. இந்தப் பொடி விலை கூடியது, நன்றாகக் கலப்பதும் கைத்திறன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் இது சாதாரணக் கரும்பச்சையாகத்தான் தெரியும், மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதே வரிசையில் 'டிராகன்' இருக்கிறது, அதுவும் பச்சை! வீரன் ஜார்ஜும் கதையில் அவன் கொன்ற டிராகனும் ஒரே குடும்பத்து நிறம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. இரண்டில் ஒன்று போதும்.

'கேமலாட்' வெறும் கறுப்பு. ஆர்தரின் கோட்டையே ஆனாலும் கறுப்பு கறுப்புதான், அதற்கு லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் தருகிற பாலிஷ் என்றால் உள்ளூரில் வாங்குங்கள், ஒளியை வைத்து வித்தை காட்டும் பாலிஷ் என்றால் யோசித்து வாங்குங்கள். பெயர் எவ்வளவு எளிதில் கழன்று விழும் என்பதற்கு ஷனெல் நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டுப் பாலிஷைச் சொல்வேன். ரத்தம் உறைந்தது போன்ற கருஞ்சிவப்பு. பிரான்சில் அதன் பெயர் 'ரூழ் நுவார்', அதாவது கருஞ்சிவப்பு, வேறொன்றுமில்லை. அமெரிக்காவில் அதையே 'வாம்ப்' என்று விற்றார்கள். ரத்தம் குடிக்கும் வாம்பயர் பேயிடமிருந்து வந்த சொல் அது. கடைகளில் தீர்ந்துபோய்ப் பெண்கள் பெயர் எழுதிக் காத்திருந்தார்கள். ஒரு நாட்டில் பேய், இன்னொரு நாட்டில் நிறம் மட்டும்.

எதனோடு ஒப்பிட்டாலும் மில்லிலிட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பாட்டில்கள் பலவும் 5 முதல் 9 மில்லி, வெளிநாட்டு நிறுவனங்களில் எஸ்ஸி 13.5 மில்லி, ஓ.பி.ஐ. 15 மில்லி. பாட்டில் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், சில சமயம் நமக்குச் சாதகமாகவும்கூட.

நாத்தனார் மகள் பெட்டியில் கொண்டு வருவதே நல்ல வழி. நெயில் பாலிஷ் எளிதில் தீப்பற்றும் திரவம், விமான அஞ்சலில் அதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. பயணிகள் சொந்த உபயோகத்துக்குச் சில பாட்டில்கள் எடுத்து வரலாம். கைப்பையில் என்றால் மற்ற திரவங்களுக்கு உள்ள அதே வரம்புதான். ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டுத் துணிக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். என் சொந்த அனுபவத்தில் ஒரு வெள்ளைச் சுடிதார் இதில் பலியாகியிருக்கிறது.

கேள்வி: 'ஒலிம்பஸ் தெய்வங்கள்' என்று 12 பாட்டில் செட் ஆன்லைனில் வாங்கினேன். ஒன்று ஒழுகியிருந்தது. தங்கம் என்று காட்டிய 'அப்பலோ' மஞ்சள் பெயின்ட் மாதிரி இருக்கிறது. "அழகுசாதனப் பொருட்களுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார் விற்பனையாளர். (தனியார் நிறுவன ஊழியர், திருச்சி)

அவர் சொல்வது செல்லாது. மனம் மாறியதால் திருப்புவதற்குத்தான் அவர் மறுப்புச் சொல்லலாம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. ஒழுகிய பாட்டில் முதல் வகை, உங்கள் அப்பலோ இரண்டாம் வகை.

விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை படத்தை மாற்றிவிடலாம். பூசிய நகத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், பாட்டிலோடு சேர்த்துப் படம் எடுங்கள். பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

அட்டைப்பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் ஆகியவை இருக்க வேண்டும். இல்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள், விற்பவரின் தொனி மாறிவிடும்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கருநீல நிறத்துக்குக் 'காளி' என்று பெயர் வைத்திருக்கிறது. கால் நகத்தில் பூச மனம் வரவில்லை. இதைச் சட்டப்படி தடுக்க முடியாதா? (வாசகர், கும்பகோணம்)

பெயரைப் பயன்படுத்துவதும் சொந்தமாக்கிக்கொள்வதும் வேறு வேறு. மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறியை இந்தியாவில் வணிகச் சின்னமாகப் பதிய 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்டவரிடம், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நிறத்தின் பெயரைப் பெரும்பாலும் யாரும் பதிவு செய்வதில்லை, பாட்டிலில் அச்சிட்டு விற்கிறார்கள். அதைத் தடுக்க நீங்கள் வேறு வழிகளில் நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

நானும் அதைக் காலில் பூச மாட்டேன். ஆனால் லட்சுமி படம் போட்ட வெடியைத் தெருவில் கொளுத்தி, மறுநாள் காலை காகிதத் துண்டுகளை மிதித்து நடந்து வளர்ந்தவள் நான். வெளிநாட்டுக்காரரிடம் கோபப்பட எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கித்தான் வருகிறது. நிறுவனத்துக்கு எழுதுங்கள். சிறு நிறுவனங்கள் பெயரை மாற்றுவதற்கு ஒரு லேபிள்தான் செலவு.

கேள்வி: '10-ஃப்ரீ' என்று போட்டிருக்கும் 'வனதேவதை' பாலிஷ் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதா?

அந்த எண்ணுக்குச் சட்டப்படி வரையறை இல்லை. முதலில் டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்று ரசாயனங்களும் இல்லை என்பதைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு எண் ஏறிக்கொண்டே போனது, எந்தப் பத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. பட்டியலைப் படியுங்கள், எண்ணை விடுங்கள். விரல் சூப்பும் குழந்தைக்கு எந்தத் தேவதையும் வேண்டாம்.

கேள்வி: விளக்கில் காயவைக்கும் 'கடற்கன்னி' ஜெல் கிட் வீட்டுக்கு வாங்கலாமா?

எனக்குச் சம்மதம் இல்லை. சரியாகக் காயாத ஜெல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். வாங்கியே தீருவேன் என்றால் விளக்கொளியில் ஜெல்லைக் கெட்டியாக்கும் டி.பி.ஓ. (TPO) என்ற பொருள் இல்லாததைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. தடையான சரக்கு மலிவு விலையில் வேறு நாடுகளின் பக்கம் ஒதுங்கும் என்பது என் சந்தேகம்.

கேள்வி: ஆசையாகச் சேர்த்த பாலிஷ்கள் கெட்டியாகிவிட்டன. ரிமூவர் இரண்டு சொட்டு விட்டால் சரியாகுமா?

விடாதீர்கள். ரிமூவர் பூச்சைக் கரைத்து அழிக்கச் செய்யப்பட்டது, பாட்டிலில் விட்டால் அடுத்த முறை பூச்சு மங்கி, சீக்கிரம் பெயரும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறார்கள், எத்தில் அசிடேட்டும் பியூட்டைல் அசிடேட்டும் உள்ளது. இரண்டு மூன்று சொட்டு விட்டு, பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மோர் கடைவது போல உருட்டுங்கள். பாட்டிலின் கழுத்தைத் துடைத்துவிட்டு மூடுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்தில் நிச்சயமாக வேண்டாம்.