வயலினிலிருந்து வியோலாவுக்கு

கேள்வி: வயலின் எட்டாம் கிரேடு தேர்வு முடித்த மகள், வியோலாவுக்கு மாறித் தனிக்கச்சேரிக் கலைஞராகவும் ஆசிரியராகவும் வர ஆசைப்படுகிறாள். எப்படித் தொடங்குவது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக மாறலாம். வியோலா, வயலினைவிடச் சற்றுப் பெரிய, கனத்த குரலுள்ள அக்கா. சிறிய கை என்றால் உடல் நீளம் 15 அங்குலமுள்ள வியோலா போதும். பெருமைக்கு 16½ வாங்கினால் சுண்டுவிரல் எட்டாது, தோள் வலிக்கும்.

தந்திகள் ஸி, ஜி, டி, ஏ. வயலினுக்கு ஒரு பஞ்சமம் கீழே. வியோலாவின் இசைக்குறிப்பு ஆல்டோ கிளெஃப் என்ற குறியீட்டில் இருக்கும்; அதில் ஐந்து கோடுகளின் நடுக்கோடுதான் நடு ஸி (பியானோவின் நடுவிலுள்ள ஸி). இந்தக் குறிப்பை வயலினின் மூன்றாம் பொசிஷனாக (தந்தியில் கை சற்று மேலே நிற்கும் நிலை) பாவித்து வாசிக்கும் குறுக்குவழி, கை மேலே நகர்ந்ததும் காலை வாரிவிடும். ஸ்வரப் பெயரைச் சொல்லியே படிக்கட்டும். ஸி தந்தியில் வில் மெதுவாக, கனமாக நகர வேண்டும். வேகமாக இழுத்தால் வெறும் சீறல்தான்.

தனிக்கச்சேரி மட்டும் சோறு போடாது. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளில் பெரும்பாலும் ஸ்டாமிட்ஸ் அல்லது ஹோஃப்மைஸ்டர் என்ற இசையமைப்பாளரின் டி மேஜர் கான்செர்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த படைப்பு) கேட்பார்கள், இப்போதே தொடங்கட்டும். ஆசிரியர் பயிற்சிக்குத் தஞ்சோங் மாலிம் உப்சியில் (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) இசைக்கல்வி இருக்கிறது.